சிறிய எழுத்து

மண்டபத்தில் என் கடையில் இரண்டு பெட்டிகள்.
கறுப்பு, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது.
வெள்ளை, மதுரையில் தவணைக்கு எடுத்தது,
இன்னும் நாலு மாதம் பாக்கி.
மணிக்கு நாற்பது ரூபாய்.
கரண்ட் போனால் கணக்கு நிற்கும்.

காலையில் நான் நண்டுக் கம்பெனியில்,
தராசுக்குப் பக்கத்து ஸ்டூலில்.
வடகடல் நண்டும் தென்கடல் நண்டும்
ஒரே ஐஸில் கால் மடக்கிக் கிடக்கும்;
எந்தக் கடல் என்று ஓடு சொல்லாது.
நோட்டுதான் சொல்லும்
யார் வள்ளம் யார் அட்வான்ஸில் மிதக்கிறது என்று.
இன்ஜினுக்கு எண்பதாயிரம் வாங்கிய டென்சில்
பக்கத்துக் கம்பெனி கிலோவுக்கு முப்பது கூட்டித் தந்தாலும்
அந்தப் பக்கம் கூடையைத் திருப்ப முடியாது.
எழுதியிருக்கிறது.

தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன,
கடை நிரம்பி வழிந்தது.
டிவியில் புது விளையாட்டின் டிரெய்லர்:
கடலுக்குள் போன ஒரு துறைமுகம்,
புயல், பாய்மரம் முறிகிற சத்தம்,
(எங்கள் பையன்கள் முறிகிற சத்தத்தைக் குறை சொன்னார்கள்,
மரம் இப்படியா முறியும்?)
கடைசியில் இருட்டு.
இருட்டில் கறுப்புப் பெட்டியின் முத்திரை மட்டும்.

"அப்ப வெள்ளைக்கு வராதாண்ணே?"
நிஸ்தார் கேட்டான். அவன் வீட்டில் வெள்ளை.
அவன் அம்மா சீட்டு எடுத்து வாங்கித் தந்தது.

அதற்கு முந்தின வாரம்தான்
மதுரையிலிருந்து கோகுலகண்ணன் என்பவர் வந்திருந்தார்.
கடை முகப்புக்குப் பத்தடி பேனர்,
இரண்டு கன்ட்ரோலர், ஒரு தாள்.
படம் இருக்கும் இடத்தில் மற்றப் பெட்டியின் பேர் வரக்கூடாது.
வாயாலும் வரக்கூடாது.
அது சிறிய எழுத்தில், பக்கத்தின் அடியில்.
"பெட்டிக்காரனும் விளையாட்டு செய்றவனும்
மேலே பேசி முடிச்சது சார், கோடியில.
நமக்கு வர்றது அதோட வால்."
"வெள்ளைக்கு?"
"வரும் சார். அதே நாள், அதே விளையாட்டு.
சொல்லத்தான் கூடாது."
சர்பத்துக்கு அவரே காசு கொடுத்தார்.

நிஸ்தாரிடம் நான் சொன்னது:
"நம்மகிட்ட கறுப்புல கிடைக்கும்டா."
பொய் இல்லை.
தாளில் இருந்த வாக்கியம், அப்படியே.

ஒன்பதாயிரத்துக்கு வெள்ளையை விற்றான்.
வாங்கியது டென்சிலின் தம்பி.
வயர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தது
நான்தான்.
மேலே பதினோராயிரம் கடன் வைத்து
பழைய கறுப்பு ஒன்று பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தது,
அவன் மடியில், துண்டு சுற்றி.

விளையாட்டு வந்த அன்று
இறங்கி முடிக்க ராத்திரி முழுக்க ஆனது.
விடிந்தபோது டென்சில் வீட்டு வெள்ளையிலும்
அதே துறைமுகம், அதே புயல்,
அதே தப்பாக முறிகிற மரம்.
கறுப்பில் கூடுதலாக ஒரு சிவப்புப் பாய்.
ஒரு வருஷத்துக்கு.
அப்புறம் அதுவும் எல்லோருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நிஸ்தார் வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கறுப்பின் முன்னால் இடம் காலியாக இருந்தது,
போய் வெள்ளையின் முன்னால் உட்கார்ந்தான்.
ஒரு மணி நேரம் ஓட்டினான்,
சாதாரணப் பாய், அழுக்கு நிறம்.
எழுந்து நாற்பது ரூபாயை மேசையில் வைத்தான்.
வேண்டாம்டா என்றேன்.
பத்து ரூபாய்த் தாள்கள் நான்கு,
ஃபேன் காற்றில் பறக்காதிருக்க
புது கன்ட்ரோலரை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனான்.

வெளியே கச்சான் காற்று
பேனரின் ஒரு மூலையைப் பிய்த்திருந்தது.
இறுக்கிக் கட்டினேன். தாளில் அதுவும் இருக்கிறது.

மறுநாள் காலை தராசில் கூடையை ஏற்றிக்கொண்டே
டென்சில் கேட்டான்,
"அந்தப் பக்கம் இன்னைக்கு என்ன வெல ஓடுது?"

எனக்குத் தெரியும்.
முள்ளைப் பார்த்தேன்.
ஈரக் கூடை, உள்ளே உயிருள்ள நண்டுகள்.
முள் நிற்க நேரமானது.